கொஞ்சம் உக்காருங்க

"கொஞ்சம் உக்காருங்க! படம் மறைக்குதுங்க!"

மறுபடியும் அதே ஆள். ஆறு நாளாக அதே சத்தம்.

யாரை உட்காரச் சொல்கிறான்? சந்திரகாசன் ரசிகர் மன்றத்தையா?

பட்டாளத்தில் மூன்று வருஷம் இருந்துவிட்டு நடிக்க வந்தவர் எங்கள் சந்திரகாசன். பிலிம் பெட்டியே தொலைந்துவிட்டது என்றிருந்த அவருடைய ராணுவப் படம், ஐம்பது சொச்சம் வருஷம் கழித்துக் கிடைத்து, கோயம்புத்தூரில் ஒரு வாரம் ஓடுகிறது. யூனிபாரத்தில் அவர் அணிவகுத்து வரும் முதல் காட்சிக்கு நாங்கள் எழுந்து நிற்காமல் வேறு யார் நிற்பது?

திரைக்கு முன்னால் போய்ச் சூடம் காட்டினோம். விசில் அடித்தோம். எல்லோருக்கும் எழுபதை ஒட்டிய வயசு. ஆனாலும் அந்த இரண்டு நிமிஷம் டவுசர் போட்ட பையன்களாகிவிட்டோம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

காட்சி முடிந்ததும் அந்த ஆள் எழுந்து வெளியே போனான். மிச்சப் படத்தை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மன்றத் தலைவர் மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போய் வராந்தாவில் மறித்தார். நானும் ஓடினேன்.

"ஏனுங்க, நீங்க எந்த நடிகரோட மன்றமுங்க?"

சண்டைக்குப் போனாலும் மாரப்பன் மரியாதையை விடமாட்டார்.

"எந்த மன்றமும் இல்லீங்க. பேரு பிரான்சிஸ். கிணத்துக்கடவுல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேனுங்க."

"அப்புறம் எதுக்குங்க கலாட்டா? நாட்டுக்காக நின்ன மனுசன் அவரு. அவருக்கு நாங்க எந்திரிச்சு நின்னா உங்களுக்கென்னங்க?"

"நாளையோட படத்தை எடுத்துடறாங்களாமுங்க. ஒரே ஒருக்கா, அந்த சீனுக்கு மட்டும் உக்காந்துக்கங்க. உங்க கால்ல வேணாலும் உளுகறேன்."

"அவரை நல்லாப் பாக்கத்தானுங்க நாங்களும் முன்னால போறோம்!"

"நான் பாக்க வந்தது அவரையில்லீங்க." பிரான்சிஸ் தியேட்டர் கதவைக் காட்டினான். "அந்த சீன் வெலிங்டன் பட்டாள கேம்ப்புல எடுத்ததுங்க. வேசம் கட்டின ஆளுக வேண்டாம், நெசப் பட்டாளத்துக்காரங்களே கூட நடக்கட்டும்னு உங்க நடிகர்தான் கேட்டாராமா. அவருக்குப் பின்னால மூணாவதா வர்றது எங்கப்பாருங்க. அம்மாவுக்கு லெட்டர்ல எழுதியிருந்தாரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே சண்டையில போயிட்டாருங்க. போட்டோவுலதான் பாத்திருக்கேன். அவரு நடந்து பாத்ததே இல்லீங்க."