ஆயுசுக்கும் வரும்

சிகரெட்டுக்குப் பதிலாகப் புகை இழுக்கும், எவர்சில்வரில் செய்த வேப் குழல் ஒன்று தணிகாசலத்தின் சட்டைப் பையில் குடியிருந்தது. அவர் அதை வாங்கிய அன்று கடைக்காரர், "துரு ஏறாது, நசுங்காது, துடைச்சு வெச்சாப் போதும் சார். ஆயுசுக்கும் வரும்" என்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து குழலுக்குத் தலைகால் புரியவில்லை.

உள்ளே இருந்த பஞ்சுத் திரியை அது சதா சீண்டும். "அடிக்கடி கருகிப்போய் மாத்த வைக்கிறியே, வெட்கமா இல்லை? என் மேல ஒரு கீறல் இருக்கா, பாரு!"

"என்னை மாத்திடலாம்," என்றது திரி. "அவர் இருமுறதைக் கேட்டியா?"

"அது அவர் பாடு. நான் ஆயுசுக்கும் வருவேன்."

பிறகு ஒருநாள் குழலை யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. காரியத்தன்று அவர் மனைவி மரகதம் அதைத் தேடி எடுத்து, முந்தானையால் துடைத்து, அவருக்குப் பிடித்ததாயிற்றே என்று படையல் இலையில் அதிரசத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எதிரே மாலை போட்ட படம். குழலின் பளபளப்பில் அந்த முகம் அப்படியே தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே," என்றது குழல். "ஆயுசுக்கும் வரும்னுதானே சொன்னாங்க?"

"வந்துட்டியே," என்றது பாதி கருகிய திரி. "அவர் ஆயுசு முழுக்க வந்துட்டியே."