மிதித்தால் சொல்ல வேண்டும்

கடவுளின் உதவி கொஞ்சமும் தேவைப்படாத பொருள் இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால், அது காரின் பிரேக்தான் என்று அவன் அறிவித்தான்.

ஏற்காட்டு வீட்டு வாசலில், கழற்றிய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கோணிமேல் மல்லாந்து படுத்தபடி.

பிரேக் ஆயில் மாற்றுகிறான். ஓட்டுநர் சீட்டில் மனைவி. பெடலை மிதித்துப் பிடிப்பது அவள் வேலை. அவள் பிடித்திருக்கும்போது இவன் கீழே பிரேக்கில் இருக்கும் சிறு திருகைத் திறப்பான். டிக்காஷன் நிறத்தில் பழைய ஆயில் குழாய் வழியே பாட்டிலில் இறங்கும். இவன் மூடுவான். அதற்குப் பிறகே அவள் காலை எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு மிதிக்கும் அவள், "முருகா" என்றாள்.

உட்கார்ந்தாலும் எழுந்தாலும் வருவதுதான். அவளுக்கே தெரியாமல் வருவது.

"ஏன் மதி, மயில் ஓட்டறவருக்கு பிரேக் ஆயிலப் பத்தி என்ன தெரியும்?"



அடுத்த மிதிக்கு அவள் "முருகா" சொல்லவில்லை.

மிதித்துவிட்டாளா, எடுத்துவிட்டாளா? படுத்திருந்தவனுக்குத் தெரியவில்லை. ஒரு குத்துமதிப்பாகத் திறந்தான்.

அவள் காலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆயில் வரவில்லை. காற்று உள்ளே போனது.

"ஏங்க, பெடல் தரை வரைக்கும் போவுது."

வீட்டுக்குள் தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலை அது இந்தக் காரின் பின்சீட்டில் இருக்கும். சேலம் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள்.

கோணி அவன் முதுகில் ஒட்டிக்கொண்டது.

"மிதிச்சா சொல்லணும்ல?"

"சொல்லிட்டுத்தான் இருந்தேன். நீங்கதான் கிண்டல் பண்ணீங்க."

"ரெடின்னு சொல்லேன்."

"எனக்கு அதான் வருது."

அவன் ஸ்பேனரை மறுபடி திருகில் மாட்டினான்.

"சரி, அதையே சொல்லித் தொலை."

அவள் சொன்னாள். இவன் திறந்தான். பாட்டிலில் குமிழிகள் கொப்பளித்தன.

மறுபடி சொன்னாள். இன்னும் குமிழிகள்.

அந்தச் சொல்லுக்காக இவ்வளவு கவனமாக அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததே இல்லை.

பதினோராவது மிதியில் குமிழி நின்றது. தேன் நிறத்தில், அறுபடாத ஒற்றை இழையாகப் புது ஆயில்.

திருகை இறுக்கினான். அவள் மிதித்துப் பார்த்தாள். இன்னொரு முறை, முழு பலத்தோடு.

"கல்லு மாதிரி நிக்குதுங்க."

சக்கரத்தை மாட்டினான். முழங்காலில் கையூன்றி, அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டு எழுந்தான்.

மூச்சோடு ஒரு சொல்லும் வந்தது.

குழந்தை தூங்குகிறது அல்லவா, மிக மெதுவாகத்தான் சொன்னான்.