தறி ஓடாத நேரம்

நிற்கட்டும். இந்த முறை அப்படியே நின்றுபோகட்டும்.

அவள் நினைத்தது யாருக்கும் கேட்கவில்லை.

மருத்துவமனைக் கூடத்தில், பக்கத்து நாற்காலியில், அவள் கணவன் வாயைத் திறந்துகொண்டு உறங்கினான். முற்பகல் வெயில் அவன் முழங்காலில் விழுந்திருந்தது. குறட்டை பாதியில் அறுந்தது. நெஞ்சு எழவில்லை.

எதிரே இருந்த பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் உடம்பு தூக்கிப் போட்டது. யாரோ தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்து கையை எடுத்ததுபோலக் காற்றை இழுத்தான். விழித்தான். எழுந்து கழிப்பறைக்கு ஓடினான்.

இதே வரிசைதான் எப்போதும். மூச்சு நிற்கும். திமிறி விழிப்பான். உடனே சிறுநீர் முட்டும்.

இரவு முழுக்க.

முதலில் பிராஸ்டேட் என்று நினைத்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. சர்க்கரையும் இல்லை. பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தான். நாக்கு வறண்டதுதான் மிச்சம். போன மாதம் இந்த மருத்துவமனை டாக்டரம்மாதான் சொன்னார், கோளாறு சிறுநீர்ப்பையில் இல்லை, தூக்கத்தில் என்று. தொண்டை அடைத்து மூச்சு நிற்கும்போதெல்லாம் இதயம் திணறுகிறது. திணறுகிற இதயம் உடம்பில் இருக்கும் நீரை வெளியே தள்ளச் சொல்கிறது. முகமூடி மாட்டி நீளக் குழாய் வழியே காற்றுத் தரும் இயந்திரம் ஒன்றைக் காட்டினார்.

தும்பிக்கையோடு படுக்க நான் என்ன யானையா என்று கேட்டுச் சிரித்தான் அவன்.

அப்படியானால் மல்லாந்தாவது படுக்காதீர்கள் என்றார் டாக்டர். பனியனின் முதுகில் பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொண்டால், புரளும்போது உறுத்தி எழுப்பிவிடும்.

அவள் தைத்துக் கொடுத்தாள்.

அவன் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். பந்து நெஞ்சின் மேல் துருத்தி நிற்க, நிம்மதியாக மல்லாந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்குவதற்குள் வெளியே வந்துவிட்ட சிரிப்பு.

காலையில் தறி ஓடத் தொடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

வீட்டை ஒட்டியே விசைத்தறிப் பட்டறை. நான்கு தறியும் ஓடினால் உள்ளே யார் கத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. கல்யாணமான புதிதிலேயே அவன் கண்டுகொண்ட வசதி அது. அடிப்பதென்றால் பகலில்தான். அன்றும் அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். சுண்ணாம்பு உதிர்ந்தது. மறுபடி மோதினான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தறியில் பாவு நூல் பார்க்கப் போனான்.

இரவில் அடித்ததே இல்லை. தறி நின்றுவிடும். தெரு அடங்கிவிடும். நாலு பேருக்குக் கேட்டுவிடும்.

அதனால் இரவு அவளுடையதாக இருந்தது.

பகலில் எவ்வளவு வாங்கியிருந்தாலும், விளக்கை அணைத்ததும் உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடுவாள். யார் கையும் எட்டாத ஆழம். அரளி விதையை அரைத்துக் குடிக்காமல் இத்தனை வருடம் அவளை வைத்திருந்தது அந்தத் தூக்கம்தான்.

அதையும் அவன் மூத்திரம் எடுத்துக்கொண்டது.

திமிறி விழிக்கிற நேரத்தில் தன் கை எங்கே போகிறதென்று அவனுக்குத் தெரியாது. முந்தாநாள் முஷ்டி அவள் வாயில் வந்து இறங்கியது. உதடு கிழிந்தது. பல் ஆடியது. தலையணை நனைந்தது.

காலையில் ரத்தத்தைப் பார்த்து அவன் பதறிப்போனான். தூக்கத்தில் தெரியவில்லை என்றான். அடுப்படியில் பாத்திரங்களை உருட்டி, தானே காப்பி போட்டுக்கொண்டு வந்தான். மன்னித்துக்கொள் என்றுகூடச் சொன்னான்.

காப்பி வாயில் எரிந்தது. அவள் யோசித்துப் பார்த்தாள்.

அவன் வேண்டுமென்று அடிக்காத ஒரே அடி. அதற்குத்தான் மன்னிப்பு.

"நல்லசாமி" என்று நர்ஸ் கூப்பிட்டாள். கழிப்பறையிலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தான். இருவரும் உள்ளே போனார்கள்.

டாக்டர் முதலில் அவளுடைய உதட்டைத்தான் பார்த்தார்.

அவன் முந்திக்கொண்டான். தூக்கத்தில் கை பட்டுவிட்டதென்று தானாகவே சொன்னான். விளக்கமாகச் சொன்னான். எவ்வளவு வருத்தப்பட்டான் என்பதையும் சேர்த்துச் சொன்னான். வெளியில் சொல்லக்கூடிய ஒரு காயம் கிடைத்ததில் அவன் குரலே தெளிந்திருந்தது.

டாக்டர் அவனை நிறுத்தினார். இப்படியே விட்டால் ஒருநாள் இதயம் நின்றுவிடும் என்றார். இயந்திரத்தை மாட்டிக்கொண்டால் மூச்சும் சீராகும், இரவில் எழுவதும் குறையும். அதை மாட்ட மாட்டேன் என்றால், மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் யாராவது பக்கத்தில் விழித்திருந்து புரட்டிப் போட வேண்டும். அது எத்தனை நாளைக்கு நடக்கும் என்று கேட்டார்.

"அதுக்கென்னங்க டாக்டர், எம் பொண்டாட்டி பாவாத்தா இருக்கறாளே. அவ முழிச்சிருந்து பாத்துக்குவா. பொம்பளைக்கு இது ஒரு வேலையாங்க?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். முடியுமாங்கம்மா?"

மேசைக்கு அடியில் செருப்புக் கால் ஒன்று அவள் விரல்களின் மேல் ஏறியது. அழுத்தியது. சுண்டுவிரலில் ஏதோ நெறிபட்டது.

மேசைக்கு மேலே அவன் சிரித்த முகமாக இருந்தான்.

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை. கிழிந்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள். "நான் தூங்கோணுங்க."