தொண்டையில் டியூப்

"டாக்டர், இன்னிக்கு டியூப் உட்டுப் பார்த்துருங்க," என்றார் தீர்த்தகிரி.

டாக்டர் தஹ்சீனுக்கு ஆச்சரியம். எட்டு வருடமாக நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை மட்டும் எழுதி வாங்கிப் போகிறவர், டியூப் என்றாலே நழுவிவிடுவார்.

"எரிச்சல் அதிகமாயிருச்சா?"

"தீயாட்டம் காந்துதுங்க. களிகூட இறங்க மாட்டேங்குது. மாத்திரையே போதுமா, ஆபரேசன் வேணுமான்னு தெரியோணுமுங்க."

தொண்டை வழியே கேமரா டியூப் இறங்கியது. திரையில் உணவுக்குழாய் முழுக்கச் சுத்தமாக இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே. அப்ப அந்த மாத்திரையெல்லாம்?"

தீர்த்தகிரி தலைகுனிந்தார்.

"எம் பொண்டாட்டி அத்தாயிக்குங்க. அவிங்கம்மா டியூப் உட்ட அன்னிக்கே செத்துப் போனாங்க. அதுலருந்து ஆஸ்பத்திரிப் படி மிதிக்க மாட்டேங்கறா. எரிச்சலை எனக்குன்னு சொல்லித்தான் மாத்திரை வாங்கிக் குடுத்தேன். 'மொதல்ல நீங்க டியூப் உட்டுக்கிட்டு உசுரோட வாங்க, அப்புறம் நான் வாரேன்'னா. நாளைக்குக் கூட்டியாரட்டுங்களா?"

"களி இறங்காதது எப்பருந்து?"

"தீபாவளியிலருந்துங்க. ஆளே பாதியாயிட்டா. ஆபரேசன் பண்ணுனாச் சரியாயிருமுங்களா?"

தஹ்சீன் எழுதி வைத்திருந்த மாத்திரைச் சீட்டைக் கிழித்தார்.

"நாளைக்கு வேண்டாம். இப்பவே கூட்டிட்டு வாங்க."