சட்டத்துக்குள் ஒரு சிரிப்பு

பொங்கோல் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைத் திரையைக் கடற்காற்று உப்ப வைக்கிறது. சவப்பெட்டியின் தலைமாட்டில் ஞானசேகரனின் படம் சிரிக்கிறது. கண்ணோரம் சுருங்கி, கடைவாய்ப் பல்வரை தெரிகிற சிரிப்பு. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி விசாலாட்சி வறண்ட கண்களோடு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்காத முகம் அது. வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே முகம். சோறு வைத்தாலும் ‘ம்’, காய்ச்சல் என்றாலும் ‘ம்’. வீட்டுப் படங்களில் ஒன்றும் தேறாமல், இதை மகள் ஆபிஸ்காரர்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். “அழுதுடுங்க அண்ணி, உள்ளேயே வச்சுக்காதீங்க,” என்று நாத்தனார் முதுகைத் தடவுகிறாள். அவரோடு வேலை பார்த்த ஒருவர் வந்து குனிகிறார். “ஆபிஸ்ல எங்கள சிரிக்க வச்சுட்டே இருப்பாரு லா, அக்கா. வீட்ல இன்னும் ஜாலியா இருந்திருப்பாரு, இல்ல?” விசாலாட்சியின் உதடு கோணுகிறது. மடியிலிருக்கும் கைகள், யாருடைய கழுத்தையோ நெரிப்பதுபோல் முந்தானையை முறுக்குகின்றன. கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. “அப்பாடா, அழுதுட்டாங்க,” என்று நாத்தனார் சுற்றியிருப்பவர்களிடம் சொல்கிறாள். “எங்க அண்ணன் மேல எவ்வளவு பாசம், பாருங்க.”