பழைய வழி அடைப்பு

டெண்டருக்கு எழுதும் விலையைக் கம்பெனி சர்வருக்குள் பூட்டி வைக்கும். எதிர்க் கம்பெனிக்காரன் அதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து எழுதி வேலையைத் தட்டிக்கொண்டு போவான். இந்த ஒரு மாதத்தில் மூன்று முறை இப்படி ஆயிற்று. நாலாவது டெண்டரின் விலை இன்று காலையில்தான் உள்ளே போயிருந்தது. அதற்குள் மேனேஜர் திருடனைக் கண்டுபிடித்துவிட்டார்.

“சர்வர் ரூம் சாவி உங்கிட்டதானேய்யா இருக்கு? நாலு மணிக்கு முதலாளி வர்றார். நீயா ஒத்துக்கிட்டா வேலை மட்டும்தான் போகும். இல்லேன்னா போலீஸ்.”

கம்ப்யூட்டர்காரன் எழுந்து சர்வர் ரூமுக்குப் போனான். தரை துடைக்கிற அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. துடைப்பம் கிட்டே வருமுன் காலைத் தூக்கிக்கொள்கிற ஒரே ஆள் அவன். ஆபீஸில் எது நின்று போனாலும் ஆளாளுக்கு அதைக் கையில் தூக்கிக்கொண்டு அவனிடம்தான் ஓடுவார்கள். முகம் சுளிக்க மாட்டான்.

மூன்றரை மணிக்கு வாளியோடு சர்வர் ரூமுக்குள் போனாள். அவன் வேர்த்து வழிய எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி பண்றே?”

“பழைய வழியை அடைக்கிறேன்க்கா. இந்த சர்வர் வாங்கின காலத்துப் பூட்டு, சொத்தைப் பூட்டு. புதுப் பூட்டு பழைய கம்ப்யூட்டருக்கு ஒத்து வராதுன்னு விட்டு வச்சிருந்தது. புதுசுல யார் எதைத் தொட்டாலும் பேரோட பதிவாகும். இதுல வந்தவன் யாருன்னே தெரியாது.”

“பழசெல்லாம்தான் போன மாசமே பழைய இரும்புக்குப் போயிடுச்சே? நான்தானே துடைச்சுப் பெட்டியில போட்டேன்?”

“அதான்க்கா. இனிமே யாருக்கும் இந்த வழி வேணாம்.”

“ஒரு மாசம் சும்மா இருந்துட்டு, இன்னைக்கு என்ன அவசரம்?”

அவன் சிரித்தான். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா.”

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆள் அடையாளமே தெரியாத வழி. அதை முதலாளி வருவதற்குள் அடைக்கிறான். தடயத்தை அழிக்கிறான், பாவி! காலைத் தூக்கினான் என்பதற்காக நல்லவன் என்று நம்பிவிட்டோமே!

சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் தன்னையும் கூட்டாளி என்பார்கள். மேனேஜர் அறை வரை இரண்டு தடவை போய்த் திரும்பினாள். மூன்றாவது தடவை மனசைக் கல்லாக்கிக்கொண்டு கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள்.

முதலாளி வாசலில் நுழையவும் அந்தக் கதவு படாரென்று திறக்கவும் சரியாக இருந்தது.

“டேய்! சர்வர்ல என்னடா பண்ணித் தொலைச்சே? உள்ளயே போக முடியலை!” கத்திக்கொண்டே மேனேஜர் ஹாலுக்கு ஓடிவந்தார்.

எல்லாரும் தலை தூக்கினார்கள். “எங்களுக்கெல்லாம் நல்லா ஓடுதே சார்!”

கம்ப்யூட்டர்காரன் பதறவில்லை. “குடுங்க சார், பாக்கலாம்” என்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

பழக்க தோஷத்தில் மேனேஜர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தது, பழைய இரும்புக்குப் போய்விட்டதாகப் போன மாதம் அவரே கையெழுத்துப் போட்ட லேப்டாப்!