ஆர்லன் நல்லாத்தான் இருக்கிறார்

“எப்படி இருக்கீங்க?” என்று ஆரம்பித்தாள் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய வக்கீல் பிரிட்ஜெட்.

“நல்லாத்தான் இருக்கேன்” என்றார் என் கட்சிக்காரர் ஆர்லன்.

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். முதுகெலும்பில் காயம், இனி உழைக்க முடியாது என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கும் மனிதர், கோர்ட்டுக்குப் போகும் முன் எடுக்கும் வாக்குமூலத்தில் சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது. மேசைக் கோடியில் சுருக்கெழுத்துப் பெண் அதை அப்படியே மெஷினில் தட்டிப் பதிந்துகொண்டாள்.

வரும் வழியெல்லாம் காரில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள், வலிக்கிறது என்று சொல்லுங்கள். பொய் ஒன்றும் இல்லையே, வலிக்கத்தானே செய்கிறது. நன்றாகத் தலையை ஆட்டிக்கொண்டுதான் வந்தார்.

மின்னசோட்டாவின் இந்தக் கோடியில் விபத்து வழக்கு நடத்துவதற்கு மாடு மேய்க்கப் போகலாம். கை முறிந்து தொங்கினாலும் எங்கள் ஆட்கள் பரவாயில்லை என்பார்கள். டாக்டரிடமும் அதையே சொல்வார்கள். டாக்டர் அதையே எழுதி வைப்பார். பிரிட்ஜெட் இப்போது அந்தக் குறிப்புகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

அறுவடை மும்முரத்தில், சாலைச் சந்திப்பில் ஒழுங்காக நின்றிருந்த ஆர்லனின் வண்டியைப் பின்னாலிருந்து இடித்தது பீட் கிழங்கு ஏற்றிய ஒரு லாரி. ஓட்டியவர் பக்கத்துப் பண்ணைக்காரர் வெர்ன். அடிபட்ட ஆர்லன் தட்டுத்தடுமாறி இறங்கிப் போய், இடித்தவரிடம் மன்னிப்புக் கேட்டாராம். போலீஸ் அறிக்கையிலேயே இருக்கிறது.

அந்த வெர்ன்தான் பிரதிவாதி. அவருக்காக வாதாடத்தான் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி பிரிட்ஜெட்டை அனுப்பியிருந்தது. அவள் பக்கத்தில் வெர்ன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விபத்துக்குப் பிறகு ஆர்லனால் டிராக்டரில் ஏற முடியவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். பீரைத் தவிர எதையும் தொட்டறியாத மனிதர், கல்லாவிலாவது உட்காரலாமே என்று, எங்கள் மாநிலத்தில் இப்போது சட்டப்படி அனுமதித்திருக்கும் கஞ்சாக் கடை லைசென்ஸுக்கு மனுப் போட்டார். மாநிலக் குலுக்கலில் பெயரும் விழுந்துவிட்டது. ஆனால் கோடைக்குள் கடைக்கு இடம் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். இடம் பிடிக்க இந்த நஷ்டஈட்டை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் நல்லாத்தான் இருக்கேன் என்கிறார்.

“தூக்கம் வருதா?”

“ஏதோ வருது.”

“குனிய முடியுதா?”

“குனிஞ்சுதானே ஆகணும்.”

ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் எதிர்ப்பக்கம் ஒரு பார்வை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முகத்தைப் பார்த்துத் தொலைத்தாலாவது புரியுமே.

“கடை திறந்தா பெட்டியெல்லாம் யார் தூக்குவாங்க? நீங்களா?” பிரிட்ஜெட் வலையை விரித்தாள்.

“நான் எங்கே தூக்க? பார்ட்னர் தூக்குவான்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்ட்னரா? லைசென்ஸ் மனுவை அவரே நூலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அனுப்பியிருந்தார், எனக்கு எதற்குச் சிரமம் என்று.

“பார்ட்னர் பேரு?”

ஆர்லன் மோவாயால் காட்டினார். “இதோ இருக்கானே, வெர்ன்.”

பிரிட்ஜெட் தன் கட்சிக்காரர் பக்கம் மெல்லத் திரும்பினாள். வெர்ன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைந்தது. இடித்தவரும் இடிபட்டவரும் கூட்டுச் சேர்ந்து கம்பெனியைக் கறக்கப் பார்க்கிறார்கள் என்று நாளைக்கே எழுதிவிடுவார்கள். வழக்கும் போச்சு, கடையும் போச்சு. கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுவிட்டேன்: “இதை ஏன் என்கிட்ட சொல்லல ஆர்லன்?”

“நீ கேக்கலையேம்மா கேரின். இடிச்சதுலேர்ந்து அவன் பேயடிச்ச மாதிரி திரியறான். கூடச் சேத்துக்கிட்டா கொஞ்சம் தேறுவானேன்னு பார்த்தேன்.”

அந்த மனிதரை அங்கேயே கழுத்தை நெரித்திருப்பேன்.

“சின்ன இடைவேளை எடுத்துக்கலாம்” என்றாள் பிரிட்ஜெட். அதற்குள் கம்பெனிக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டாள்.

ஆர்லன் எழுந்திருக்க மேசை விளிம்பைப் பிடித்தார். இருந்த கோபத்தில் நான் உதவப் போகவில்லை.

வெர்ன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆர்லனின் பாதங்களை ஒவ்வொன்றாக நாற்காலிக்குக் கீழே உள்ளே தள்ளினார். ஒரு கையை அக்குளுக்கு அடியில் கொடுத்தார், இன்னொரு உள்ளங்கையை இடுப்பின் பின்னால் வைத்தார். ஆர்லன் மூச்சை விடும்வரை காத்திருந்தார். பிறகு தூக்கினார்.

ஆர்லனின் முகம் வெளுத்துப் போயிற்று. ஒரு முனகல்கூட வரவில்லை. அவர் நிதானத்துக்கு வந்ததும் வெர்ன் மண்டியிட்டு, அவிழ்ந்திருந்த பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டார்.

பிரிட்ஜெட் போனைக் காதிலிருந்து எடுத்தாள். “எப்போலேர்ந்து இப்படி?”

வெர்ன் ஆர்லனைப் பார்த்தார்.

“சும்மா இரு வெர்ன்” என்றார் ஆர்லன்.

“இடிச்ச நாள்லேர்ந்துதான்” என்றார் வெர்ன், கயிற்றைப் பார்த்தபடியே. “தினம் விடியறதுக்கு முன்னாடி போயிடுவேன். கட்டில்லேர்ந்து எழுப்பி உக்கார வைக்கணும். அவர் பொண்டாட்டியால தூக்க முடியல. வலியில கத்துறது வெளி வாசல் வரைக்கும் கேக்கும். நான் உள்ளே நுழைஞ்சதும் நிறுத்திடுவார்.”

அறையில் சுருக்கெழுத்து மெஷினின் சத்தம் மட்டும் கேட்டது.

பிரிட்ஜெட் சட்டென்று அந்தச் சுருக்கெழுத்துப் பெண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இடைவேளை என்று ஒருவர் சொன்னால் போதாது. இரண்டு வக்கீல்களும் சம்மதித்தால்தான் பதிவை நிறுத்துவார்கள்.

நான் இன்னும் சம்மதிக்கவில்லை.